முள் எடுக்கும் படம்

"வாத்தியாரம்மா, கட்டையில செதுக்கின ஒரு ஆளை எடுத்திர முடியுமா?"

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் இதைத்தான் கேட்டார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

செங்கமலம் உளி தீட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முடியும். யாரை எடுக்கணும்?"

"உலகம்மையை."

உளி தீட்டும் சத்தம் நின்றது. உலகம்மை ஆவுடையப்பனின் மூத்த பிள்ளை, ஒரே மகள்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார் செங்கமலம்.

அவர் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அந்தச் சுவரில்தான் மாணவர்களின் படங்கள் மாட்டியிருக்கும். இரண்டு வருஷம் கழித்து இந்தப் பட்டறைக்குள் கால் வைக்கிறார். அந்தச் சுவரைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை.

செங்கமலத்தின் பட்டறையில் பாக்குப் பொட்டலத்துக்கு லேபிள், பஞ்சாங்கத்துக்கு அட்டை, கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் என்று எல்லாவற்றுக்கும் மரக்கட்டை செதுக்கி அச்சடிப்பார்கள். ஆவுடையப்பன் அங்கே ஏழு வருஷம் தொழில் கற்றவர். அதற்கு முன்னால் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து எவர்சில்வரில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். வாத்தியாரைவிட மாணவருக்குப் பதினைந்து வயசு கூடுதல். அதனால் அவருக்கு அண்ணாச்சி என்ற மரியாதை உண்டு. அந்த மரியாதையும் உளியைக் கையில் எடுக்கும் வரைக்கும்தான்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. தொழில் கற்று முடித்துக் கிளம்புகிறவர் கடைசியாகத் தன் வீட்டாரைச் செதுக்க வேண்டும். அந்தக் கட்டையிலிருந்து இரண்டே படம் அச்சடிப்பார்கள். ஒன்று அவர் வீட்டுக்கு, ஒன்று பட்டறைச் சுவருக்கு. கட்டை அலமாரிக்குப் போய்விடும்.

ஆவுடையப்பனின் படத்தில் அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டியிருப்பார். பாதத்தில் பாதி வெளியே வந்த கருவேல முள். தரையில் உலகம்மை. ஒரு கையால் அப்பாவின் கணுக்காலை இறுக்கிப் பிடித்து, மறு கையில் ஊக்கை வைத்துக்கொண்டு முள்ளை எடுப்பாள். அவர் முகம் வலியில் கோணியிருக்கும். அம்மா கோமதி குனிந்து, மகள் முதுகில் கை வைத்துப் பார்ப்பாள். தம்பி சங்கரலிங்கம் அக்காளின் சடையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

நல்ல படம். இதை எழுதுகிற எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. ஆனாலும் அது நல்ல படம்.

"அவளைத்தான் தலை முழுகிட்டீங்களே" என்றார் செங்கமலம்.

"முழுகிட்டேன். அதான் எடுக்கச் சொல்லுதேன்."

உலகம்மை வேறு தெருக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். அவனிடம் குடி இல்லை, சீட்டு இல்லை. சொந்தமாக ஒரு தையல் மெஷின் இருந்தது. தெரு ஒன்றுதான் சரியில்லையாம். அவளுக்காகச் சேர்த்து வைத்த பாத்திரங்களில் ஆவுடையப்பன் தன் கையாலேயே அவள் பெயரை வெட்டியிருந்தார். அவள் வீட்டைவிட்டுப் போன வாரமே ஒவ்வொன்றாக எடுத்து அரத்தால் ராவினார். இரண்டு தூக்குச்சட்டி ஓட்டையாகிவிட்டது. அப்போதும் நிறுத்தவில்லை.

"ரெண்டு வருஷமாத் தோணாதது இன்னைக்கு எப்படித் தோணுச்சு?"

"நாளைக்குக் காலையில பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வாராங்க. சங்கரலிங்கத்துக்குத்தான். எனக்கு ஒரே பிள்ளைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"சரி."

"தரகன் வாய் சும்மா இருக்கல. மாப்பிள்ளையோட அப்பா வீட்டாளுங்களை மரத்துலயே செதுக்கியிருக்காருன்னு அளந்து விட்டுட்டான். பொண்ணோட அப்பா அந்தப் படத்தை அவசியம் பாக்கணும்னு சொல்லிட்டாரு."

"உங்க வீட்டுல இருந்த படம்?"

"அவ போன அன்னைக்கே அடுப்புல போட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் பெற்று வளர்த்த பெண்ணையே மறைக்கக் கிளம்பியிருந்தார்.

செங்கமலம் எழுந்து அலமாரியிலிருந்து கட்டையைக் கொண்டுவந்தார். முந்தானையால் தூசியைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். குறுக்கே அறுத்த பாலை மரம். இரண்டு சாண் அகலம் இருக்கும். கோடுகள் நேற்று வெட்டியதுபோல் இருந்தன.

"அந்த இடத்தைத் தோண்டிட்டு வேற துண்டு வச்சு அடைச்சிரலாமா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"அடைக்கலாம். பசை காய மூணு நாள் ஆகும்."

"நாளைக்கு வாராங்களே."

"அப்ப வெட்டத்தான் வேணும்."

"நீங்களே வெட்டிக் குடுத்திருங்க."

"கட்டை உங்களுது, பொண்ணும் உங்க பொண்ணு. உளியை வேணும்னா இரவல் தாறேன்."

அவர் உளியை வாங்கிக்கொண்டார்.

மரத்தில் வெட்டி எடுத்த இடத்தில் மை ஏறாது. காகிதத்தில் அது வெள்ளையாக விழும். வெட்டாமல் விட்டதுதான் கறுப்பு. ஆவுடையப்பனுக்கு இது தெரியாததில்லை. ஆனால் ஆத்திரம் தெரிந்ததையெல்லாம் மறக்கடிக்கும்.

சடையை எடுத்தார். நெற்றியை எடுத்தார். ஊக்கு பிடித்த கையை எடுத்தார். கணுக்கால் பக்கம் நுணுக்கமான வேலை. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.

செங்கமலம் உருளையால் மை ஏற்றினார். காகிதத்தைப் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்தார். உரித்தெடுத்து, குறுக்கே கட்டியிருந்த கயிற்றில் தொங்கவிட்டார்.

ஆவுடையப்பன் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இன்னும் உக்காந்திருக்காளே" என்றார்.

கறுப்பாக இருந்தவள் இப்போது வெள்ளையாக உட்கார்ந்திருந்தாள். குனிந்த தலையும் வளைந்த முதுகும் அப்படியே இருந்தன.

"ஆமா. முன்னைக்கு இப்பப் பளிச்சுன்னு இருக்கா" என்றார் செங்கமலம்.

"கோமதி கையும் சங்கரலிங்கம் கையும் சுத்தியிருக்க கறுப்பும்தான் காட்டிக்குடுக்குது. கோமதி கை முதுகு மேல இருக்கு. இவன் சடையைப் பிடிச்சிருக்கான்."

"கையை எடுத்திருங்க."

கோமதியின் கையை எடுத்தார். சங்கரலிங்கத்தின் கையை எடுத்தார். உருவத்தைச் சுற்றியிருந்த கறுப்பையும் வழித்தெடுத்தார். செங்கமலம் மறுபடி மை ஏற்றி அச்சடித்தார். இரண்டாவது படம் கயிற்றுக்குப் போனது.

"இப்பத் தெரியல" என்றார் ஆவுடையப்பன். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"நான் பொண்ணோட அப்பான்னு வச்சுக்கிடுங்க. கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"உங்க பையன் எதைப் பாத்து இப்படிச் சிரிக்கான்?"

அவர் படத்தைப் பார்த்தார். சங்கரலிங்கம் ஒன்றுமில்லாத தரையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கிறுக்குப் பயன்னுல்லா நினைப்பாரு" என்றார்.

"நினைப்பாரு."

"இவனையும் எடுத்திருதேன். மாப்பிள்ளை வெளியூர்ல இருந்தப்பச் செதுக்கினதுன்னு சொல்லிக்கிடலாம்."

"சொல்லிக்கிடலாம்."

மகன் கல்யாணத்துக்காக மகனை எடுத்தார். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மும்முரமாக இருந்தார். தான் செய்வது இன்னதென்று அவருக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாவது படம்.

"உங்க வீட்டம்மா யாருக்குக் குனியிறாங்க?" என்று கேட்டார் செங்கமலம்.

கை இல்லாத கோமதி வெறும் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தாள். முன்பு அந்த முகத்தில் கவலை இருந்தது. இப்போது அதைப் பார்த்தால் அழுகிற மாதிரி இருந்தது.

"வீட்டுலயும் இப்படித்தான் இருக்கா" என்றார் ஆவுடையப்பன். அவரை அறியாமல் வந்துவிட்டது.

"எப்படி?"

"ஒண்ணுமில்லாத இடத்தைப் பாத்துக்கிட்டு."

செங்கமலம் காத்திருந்தார். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தாரோ என்னவோ. வரவில்லை.

"இவளையும் எடுத்திருதேன்."

முப்பத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவளை எடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நான்காவது படத்தில் ஆவுடையப்பன் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். பாதத்தில் முள் இருந்தது. சுற்றிலும் வெள்ளை. கணுக்காலைச் சுற்றி நான்கு விரல்கள் மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தன.

"விரலை மறந்துட்டேன்" என்றார்.

உளியைக் கொண்டுபோனார். கணுக்காலுக்குமேல் பிடித்தார். வெட்டவில்லை. கட்டையை இப்படியும் அப்படியும் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதை எப்படி எடுக்க?"

"எதை?"

"இந்தக் கோட்டை. விரலை எடுத்தா கால் போயிருமே."

செங்கமலம் எட்டிப் பார்த்தார்.

"ஆமா. விரலோட ஓரமும் உங்க காலோட ஓரமும் ஒரே கோடுதான்."

"யாரு இப்படிப் போட்டது?"

"நீங்கதான். ரெண்டு கோடு போடுங்கன்னு நான் அன்னைக்குச் சொன்னேன். அவ பிடிச்ச பிடியில நடுவுல எங்க எடம்னு கேட்டீங்க."

வெளியே தெருவில் பால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார். சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது.

"விட்டுரலாம் அண்ணாச்சி. நாலு விரல்தானே. பெரிசாத் தெரியாது."

"தெரியும்."

"தெரிஞ்சா என்ன? யாருன்னு கேப்பாங்க. சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

"எம் மகள்னு."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஊரு என்ன பேசும்னு உங்களுக்குத் தெரியாது வாத்தியாரம்மா."

"உலைவாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அது எனக்கும் தெரியும். அதுக்காக வீட்டாளுங்களையா எடுப்பாங்க?"

"அப்ப காலையும் எடுத்திருதேன்."

செங்கமலம் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. கேட்டால், தடுத்திருந்தால் வீட்டுக்குப் போய் வேறு எதையாவது வெட்டியிருப்பார் என்பார்.

ஆவுடையப்பன் வெட்டினார். விரல்கள் போயின. கணுக்கால் போனது, அதற்கு மேலே முழங்கால் வரைக்கும் போனது. பாதமும் அதில் இருந்த முள்ளும் போயின. சுருள் சுருளாக விழுந்த மரத்துகளை வாயால் ஊதினார்.

செங்கமலம் ஐந்தாவது தடவையாக மை ஏற்றினார். அச்சடித்துக் கயிற்றில் மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நல்லா விழுந்திருக்கு. காய ஒரு மணி நேரம் ஆகும். கொண்டு போங்க."

ஆவுடையப்பன் எழுந்து கயிற்றுப் பக்கம் போனார். ஐந்து படமும் வரிசையாகத் தொங்கின. முதல் படத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் படத்தின் முன்னால் நின்றார்.

முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாத மனிதர் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து, தாங்கமுடியாத வலியில் முகத்தைக் கோணிக்கொண்டிருந்தார். எதனால் வலி என்பதற்குப் படத்தில் ஒரு தடயமும் இல்லை.

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்க."

"பட்டறைப் படம் ஒண்ணு உண்டுல்லா. செவுத்துல மாட்டினது."

"உண்டு."

"அதைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க."

"எதுக்கு? அதையும் அடுப்புல போடவா?"

"இல்ல. ஒரு தடவை பாக்கணும்."

"பின்னால திரும்பிப் பாருங்க."

வந்ததிலிருந்து பார்க்காத சுவரை ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். மற்ற மாணவர்களின் வீட்டுப் படங்கள் எல்லாம் இருந்தன. இரண்டாவது வரிசையில் ஒரு ஆணி மட்டும் இருந்தது.

"எங்க?"

"போன மாசம் உலகம்மை வந்து வாங்கிட்டுப் போனா."

அவர் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு எதுக்காம்?"

"அவ வீட்டுச் செவுத்துல மாட்ட."

"என்னையும் சேத்தா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். உங்கப்பா உன்னைத் தலை முழுகிட்டாரே, அவரு இருக்கிற பக்கத்தைக் கத்தரிச்சுத் தரட்டுமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

செங்கமலம் அவர் கையிலிருந்த உளியை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார்.

"'முள்ளு இன்னும் பாதிதானே வந்திருக்கு வாத்தியாரம்மா, அதுக்குள்ள எப்படி நான் காலை விட'ன்னா."