அன்னத்துக்காக ஏரியை மேய்ந்த எருமை

செம்பரை ஏரியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு அன்ன ஜோடி. இந்த வருஷம் குஞ்சு பொரிக்கவில்லை என்றால் அவ்வளவுதான், ஏரியில் அன்னமே கிடையாது.

காப்பாற்றியே தீருவேன் என்று மூக்காயி எருமை கிளம்பியது. யாரும் கூப்பிடவில்லை. தானே ஒரு சங்கம் வைத்தது, தானே தலைவியானது. தவளை கோணவாயன்தான் செயலாளர். கூட்டத்துக்கு வேறு ஆளே வரவில்லை.

"அன்னம் எவ்வளவு உசத்தி! தண்ணியை விட்டுட்டுப் பாலை மட்டும் குடிக்கிற பறவை! அது இருக்கிற இடமா இது? ஒரே கோரை! எல்லாத்தையும் துப்புரவு பண்ணணும்!" என்று முழங்கியது மூக்காயி.

"அப்புறம் அது எதைத் தின்னும்?"

"பால்தான்டா! நான் எதுக்கு இருக்கேன்?"

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே அக்கா?"

"நல்லது செய்யறதுக்கு என்னடா கேள்வி!"

துப்புரவுக்கு மூக்காயிக்குத் தெரிந்தது ஒரே வழி. தின்றது. மூன்று நாளில் கோரை காலி. நடுவில் ஒரு குவியல் கிடந்தது, அதுவும் காலி. கடைசியில் விட்டதே ஒரு ஏப்பம்! கோணவாயன் பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது.

ஆண் அன்னத்தோடு நாலு நாள் வெளியே போயிருந்த பெண் அன்னம் வெள்ளச்சி திரும்பி வந்தது. ஏரி மொட்டையாகக் கிடந்தது.

"இங்கே என் கூடு இருந்ததே!"

மூக்காயி அசைபோடுவதை நிறுத்தியது.

"குவியலா... கொஞ்சம் மொறுமொறுன்னு?"

"அதேதான்!"

"ஐயையோ, முட்டை?"

"நாளைக்குத்தான் இடணும்! இனி எங்கே இடுவேன்?"

"பால் வேணும்னா..."

"நான் என்ன பூனையா? கோரைதான் என் சாப்பாடு, கோரைதான் என் வீடு! இப்ப வேற ஏரி தேடிப் பறந்தா நடுவானத்திலதான் முட்டை விழும்!"

மூக்காயிக்கு அழுகை முட்டியது. "என் முதுகில இடு தாயி. அசைய மாட்டேன்!"

வாயில் மிச்சமிருந்த கோரையைத் துப்பியது. கோணவாயன் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதை முதுகில் பரப்பியது. கூடு தயார்.

நாற்பது நாள் மூக்காயி தண்ணீரிலேயே நின்றது. ஈ கடித்தாலும் வாலை ஆட்டவில்லை. தும்மல் வந்தால் கோணவாயன் ஓடிவந்து மூக்குக்குள் உட்கார்ந்துகொள்ளும். பசித்தால் கரையிலிருந்து ஒவ்வொரு புல்லாக இழுத்து வரும். அன்னங்கள் ஏரிக் கோடியில் தப்பித்த நாலு கோரையை வைத்து நாளை ஓட்டின.

சேற்றிலிருந்த வேர்கள் மறுபடி துளிர்த்தன. மூக்காயியின் மூக்குக்கு நேரே இளங்கோரை ஆடியது. எச்சில் ஊறியது. அதைத் தின்ன வாயைத் திறக்கவே இல்லை.

ஒருநாள் முதுகில் கீச்கீச் என்று சத்தம். மூன்று குஞ்சுகள்!

மூக்காயி மெதுவாகக் கேட்டது. "அம்மா வெள்ளச்சி, இப்ப நான் நகரட்டுமா?"

"அட, கேட்டுட்டியே! கொஞ்சம் பொறு, நாலாவது முட்டை இப்பத்தான் விரியுது!"

ஒருவரைக் காப்பாற்றக் கிளம்பினால், உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவரையே கேட்க வேண்டும்.