மிச்சக் கயிறு

கொள்ளிடக் கரையில் ஒரு சின்ன மடம். அதன் குரு பூரணி அம்மா. சீடர் வைத்திலிங்கம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். மடத்துக்குச் சொந்தமான பழைய வைக்கோல் கட்டும் மிஷினை டிராக்டரில் மாட்டி, அறுப்பு முடிந்த வயல்களுக்கெல்லாம் ஓட்டிக் கொடுப்பது அவருடைய தொண்டு. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று உச்சிவேளையில் முகம் சிவக்க வந்து நின்றார்.

"அம்மா, அவமானத்தை எப்படித் தாங்குறது?"

"யார் அவமானப்படுத்தினது?"

"கீழத்தெரு செங்கமலம். நடு வயல்ல வச்சு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டா. மிஷின் பழுதாச்சு. நானா பழுதாக்கினேன்? பலனே பார்க்காம உழைக்கிறவனுக்கு இது தேவையா?"

குரு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்கு நடந்தார். வழியெல்லாம் வைத்திலிங்கம் பொருமிக்கொண்டே வந்தார்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. செங்கமலத்தின் துண்டு நிலத்தில் வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடந்தது. கட்டிய கொஞ்சமும் அவிழ்ந்து சிதறியிருந்தது.

"மூணு வருஷமா இதே கதைம்மா," என்றார் செங்கமலம். "மழையில ஊறிப் புழுத்துப் போச்சு. போன வருஷம் தீனி இல்லாம ஒரு மாட்டை வித்தேன். இன்னும் ஒண்ணுதான் இருக்கு. பெரியவீட்டு வயல்ல ஓடுற மிஷினு எங்க வயல்ல இறங்கினா மட்டும் படுத்துக்குது. மிஷினுக்குமா தெரு தெரியும்?"

"பேசுற பேச்சைப் பாருங்கம்மா!" என்றார் வைத்திலிங்கம்.

குரு அவர் பக்கம் திரும்பினார். "என்னென்ன பார்த்தீங்க?"

"முடிச்சுப் போடுற இடத்தைக் கழட்டி டீசல் விட்டுக் கழுவினேன். கத்தியைத் தீட்டினேன். கிரீஸ் வச்சேன். ஒரு போல்ட் விடாம முடுக்கினேன். அப்பவும் கயிறு அறுந்துக்கிட்டே இருக்கு. பழைய மிஷின், நான் என்ன செய்ய?"

குரு கயிற்றுப் பெட்டியைத் திறந்து, நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரு முழம் வருவதற்குள் ஒரு முடிச்சு. மேலும் இழுத்தார். இன்னொரு முடிச்சு, அதற்கப்புறம் இன்னொன்று.

"இது எந்தக் கயிறு?"

"மாட்டுக்கொட்டகையில வைக்கோல் கட்டைப் பிரிக்கிறப்போ அறுத்துப் போடுறது. மடத்துப் பொருளாச்சே, வீணாக்கலாமா? நானே உட்கார்ந்து ஒவ்வொண்ணா முடிஞ்சு வைப்பேன்."

"பெரியவீட்டு வயல்ல?"

"அங்க புதுக் கயிறு."

"ஏன்?"

வைத்திலிங்கம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மிஷினை அக்கு அக்காகக் கழற்றிய மனிதருக்கு, இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"சின்ன வயல்தானே, இது போதும்னு..." என்றார் கடைசியில்.

குருவின் முகம் கடுத்தது. முடிச்சுக் கயிறு மொத்தத்தையும் வாரி வரப்பில் எறிந்தார். டிராக்டர் இருக்கைக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்த புதுக் கயிற்று உருண்டையை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

வைத்திலிங்கம் பதறிப்போனார். "அம்மா, அது பெரியவீட்டுக்காரருக்குன்னு வச்சிருக்கேன். வேற உருண்டை இல்லை. மழைக்கு முன்னாடி வந்துடுறேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவர்கிட்ட நான் என்ன சொல்வேன்?"

"மிஷின் பழுதுன்னு சொல்லுங்க," என்றார் குரு. "இவங்க மூணு வருஷம் நம்பினாங்க. அவர் ஒரு நாள் நம்பட்டும்."