கூட்டித் தள்ளிய சருகு

பட்டணத்துக்கு நட்டநடுவே ஒரு பழங்காடு. ஒரு பக்கம் பேருந்து நிலையம், மறுபக்கம் ரயில் தண்டவாளம். ராஜா காலத்தில் அது வேட்டைக்காடு. விறகு பொறுக்கப் போனவனுக்கும் சவுக்கடிதான். பின்னால் வந்த வெள்ளைக்காரத் துரை சுற்றிலும் முள்வேலி போட்டுவிட்டுக் கப்பலேறினார். இப்போது அங்கே மானும் மரநாயும் வைத்ததுதான் சட்டம்.

அம்பலவாணருக்கு அறுபத்தாறு வயது. மூச்சு முட்டி, இனித் தேறமாட்டார் என்று வீடே கைவிட்ட நேரத்தில் இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தார். காட்டோரக் குடிலில் இருந்த வடிவம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் அவருக்குக் குரு வடிவம்மைதான்.

ஒரே வருடத்தில் மூச்சு சீரானது. நாலு எட்டு வைத்தால் இளைத்தவர், ஆறுமணிக்குருவியின் கூவலைக் கேட்க அந்தப் பனிக்காலத்தில் தினமும் மாலையில் நாவல் மரம் வரைக்கும் போய்வந்தார். அதைக் கேட்டால்தான் அவருக்கு அன்றைய பொழுது நிறையும்.

"அம்மா, எனக்கு உசிரு குடுத்த காடு இது. பதிலுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க ஐயா."

அது அவருக்குப் பிடிபடவில்லை. முப்பது வருடம் கோயில் கோயிலாக உழவாரப்பணி செய்த மனிதர். பிரகாரத்தில் ஒரு புல் முளைத்தாலும் பொறுக்கமாட்டார். அந்தக் கை சும்மா இருக்குமா?

தை மாதம். சருகு முழங்கால் அளவு கொட்டிக் கிடந்தது. யாரிடமும் சொல்லாமல் துடைப்பத்தோடு போனார். மூன்று நாளில் நாவல் மரத்தடியைச் சந்நிதி மாதிரி ஆக்கிவிட்டார். சருகெல்லாம் வேலியோரம் குவிந்தது. அவருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

அன்று ஆறு மணிக்குக் குருவி கூவவில்லை. மறுநாளும் இல்லை. விடிந்ததும் அம்பலவாணர் வடிவம்மையை அங்கே அழைத்துவந்தார்.

"அம்மா, குருவிக்கு என்ன ஆச்சு?"

வடிவம்மை திட்டவில்லை. குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி அவருடைய உள்ளங்கையில் வைத்தார். ஈரச் சருகுக்குள் ஒரு மண்புழு நெளிந்தது. கூடவே இரண்டு வண்டுகள்.

"இமயமலை அடிவாரத்துலேருந்து வருஷா வருஷம் பறந்து வருதுல்ல, இங்க இதைக் கிளறித் தின்னுதான் பிழைக்குது."

அம்பலவாணர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சருகைக் கை கையாக அள்ளிக் கொண்டுபோய் மரத்தடியில் பரப்பத் தொடங்கினார். வடிவம்மையும் கூட அள்ளினார். முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.

"வருமாம்மா?"

"அது எங்கிட்டச் சொல்லிட்டா போச்சு? வரும்போது வரும்."

அம்பலவாணர் வேலியில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"நன்றி சொல்லத்தானேம்மா கூட்டினேன். வேற எப்படிச் சொல்றது?"

"கையில துடைப்பத்தை வச்சுக்கிட்டு எப்படிங்க ஐயா கும்பிடுறது?"