உடம்பில்லாத தராசு

அந்தக் காலத்தில் இயந்திரங்களுக்கு வாய் இருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். பேசின, அவ்வளவுதான்.

மடைக்கு ஒரு பேச்சு. செக்குக்கு வேறு பேச்சு. தறிக்கு இன்னொன்று. மனிதர்களும் அப்படியே, மலைக்காரர் பேச்சு கரைக்காரருக்குப் புரியாது. யார் எந்த இயந்திரத்தை ஏவினாலும் நடுவே அந்த இரண்டு பேச்சும் தெரிந்த ஒருவன் வேண்டும். அவன் செத்தால் வேலையும் செத்தது.

உலகம்மை மலைக்காரி. ஏரி மடைக்குக் காவல். அவளுக்காக மடையிடம் பேசுகிறவன் காய்ச்சலில் போய்விட்டான். மறுநாளே வெள்ளம் வந்தது. ஏரிக்குக் கீழே அவள் மகன் கொம்பையா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

"திற! கதவைத் திற!" என்று மடையின் முகத்தில் அறைந்தாள். அது புரியாமல் விழித்தது. பக்கத்துக் குடிசைக்காரனை இழுத்து வந்தாள்.

"எனக்குச் செக்குப் பேச்சுதான் வரும், தாயீ" என்று அவன் அழுதான்.

தண்ணீர் போக வழியில்லாமல் கரை உடைந்தது. ஆடுகள் மூன்றாம் நாள் கிடைத்தன. கொம்பையா கிடைக்கவில்லை.

அவள் அழுது முடிக்கவில்லை. எழுந்துவிட்டாள். நெல் நிறுக்கும் தராசுக்குச் சொற்கள் கொஞ்சம்: வை, எடு, கூட்டு, கழி, நில். யாரும் ஒரு பொழுதில் கற்கலாம். "மனிதர் எல்லாரும் தராசுப் பேச்சில் சொல்லட்டும். இயந்திரம் எல்லாம் அதைக் கேட்டு ஆடட்டும்" என்றாள்.

செக்கு சிரித்தது. "இந்தச் சுண்டெலித் தராசு சொல்லி நான் சுற்றவா? போடி!"

மடையும் தறியும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

தராசு அவளைக் கூப்பிட்டது. "என் உடம்புதான் அதுகளுக்கு உறுத்துது, அம்மா. உருக்கிவிடு. குரல் மட்டும் ஒவ்வொன்றின் வயிற்றிலும் போய் உட்காரும். அதனதன் பேச்சில் எடுத்துச் சொல்லும்."

"அப்புறம் எண்ணெய் போட்டாலும் உனக்குத் தெரியாதே."

"தெரியாது."

"வெயிலில் வைத்தாலும்?"

"அதுவும்தான். சீக்கிரம் ஊது. மேற்கே கறுக்குது."

உலகம்மை துருத்தியை மிதித்தாள். தராசு கத்தவில்லை. அவள்தான் கத்தினாள். உருகிய இரும்பு மடைக்குத் தாழ்ப்பாள் ஆயிற்று.

அன்று மாலையே மழை கொட்டியது. அவள் தராசுச் சொற்களில் சொன்னாள். மடையின் வயிற்றில் ஏதோ முனகியது. கொஞ்சம் தாமதித்துக் கதவு ஏறியது. ஊர் பிழைத்தது.

"சொல்லி முடிக்க இவ்வளவு நேரமா? சோம்பேறிப் பேய்!" என்று மடைக்குள் இருந்த குரலைத் திட்டினான் கரையில் நின்ற ஒருவன்.

உலகம்மை அவனைப் பார்த்தாள். "உனக்குக் கால் இருக்கு. நீ ஓடு" என்றாள். பிறகு கொம்பையா ஆடு மேய்த்த பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று முதல்தான், கணினிக்குப் புது நிரல்மொழி செய்கிறவன் ஒவ்வொரு கணினியின் இரும்போடும் நேரே மல்லுக்கு நிற்காமல், நடுவில் உடம்பில்லாத ஓர் இயந்திரத்தை வைத்து அதனிடம் பேசுகிறான். மெய்நிகர் இயந்திரம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த இரும்புக்குள் போனாலும் அது எடுத்துச் சொல்லும். மெதுவாக இருக்கிறது என்று அதைத் திட்டுவதும் அன்று முதல்தான்.