தேங்காய் பார்க்காத தண்ணீர்

"எவனோ ஒருத்தன் இந்த வாய்க்கால் மேல பொய் எழுதிக் கொடுத்திருக்கான்."

தேசம்மா இதைத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். பின்னால் நின்றது ஒரே ஒருவர்தான், அவளிடம் தண்ணீர் ஓட்டம் பார்க்கக் கற்கும் மாணவர் தணிகாசலம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவளைவிட இருபது வயது மூத்தவர். எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அது அவளுக்கும் தெரியும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த வாய்க்காலின் ஓட்டத்தை ஒரு வருஷமாக அவர் அளந்து வந்தார். இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தேங்காய் மிதந்து போக எத்தனை வரை எண்ணுகிறோம் என்று பார்ப்பது. அவள் கற்றுக் கொடுத்த முறை. வெயில் மாதங்களில் தேங்காய் பாதி நாள் ஏரிக்குள் வந்தது, பாதி நாள் கடலுக்குப் போனது. ஐப்பசி மழை பிடித்ததும் வெளியே மட்டும் போனது. ஊரார் கேட்டபோது அப்படியே எழுதிக் கொடுத்தார்: மழைக்காலத்தில் கடல் உள்ளே வருவதில்லை.

ஊர் காகிதத்தைக் கண்டால் கும்பிடும். ஏரி மீன் வெள்ளத்தோடு தப்பிப் போகாமலிருக்க, வாய்க்காலின் குறுக்கே அடிமண் வரை கொசுவலை போல நெருக்கமான வலையைக் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. உள்ளே வருவதற்குத்தான் ஒன்றும் இல்லையே. வலை கரையில் சுருண்டு கிடந்தது. கட்டும் ஆட்கள் மதியத்துக்குள் வருவார்கள்.

தேங்காய் பொய் சொல்லுமா என்று தணிகாசலம் கேட்டார்.

"தேங்காய் பாவம், அது பார்த்ததைச் சொல்லிச்சு. இறங்குங்க வாத்தியாரே."

தூறல். எது வானம், எது தண்ணீர் என்று பிரியாத ஒரே வெண்மை. வேட்டியோடு இறங்கிக் கழுத்தளவில் கழியைப் பிடித்து நின்றார். மழைத் தண்ணீர் சில்லென்று மார்பைக் கடல் பக்கம் தள்ளியது.

வெளியேதான் போகிறது என்றார்.

"கண்ணை மூடுங்க. சும்மா நில்லுங்க."

நின்றார். தூறலின் சத்தம் மெல்ல மெல்ல எங்கோ போயிற்று. உடம்பு இருக்கிறதா என்பதே மறந்த வேளையில், கணுக்காலில் ஒரு வெதுவெதுப்பு. அது மார்பைத் தள்ளியதற்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தது. தோளில் கிடந்த துண்டு கடலைப் பார்த்து நீண்டது. வேட்டியின் கரை காலடியில் ஏரியைப் பார்த்து அலைந்தது. விரல்களுக்கு இடையே நூறு நூறாக ஏதோ கூசிக்கொண்டே உள்ளே போயிற்று.

முங்கிக் கையால் அள்ளிப் பார்த்தார். கண்ணிமை முடி அளவில், கண்ணாடி போல. கண்கள் மட்டும் கறுப்புப் புள்ளிகள். இறால் குஞ்சு, கடலில் பொரிந்து ஏரிக்குள் வளர வருவது.

கையைத் தண்ணீரில் தாழ்த்திக் குஞ்சுகளைப் போக விட்டார். "அடியில ஒரு முழம்தாம்மா இருக்கும். காகிதத்துல 'பெரும்பாலும்'னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா?"

"மீன் ஏலத்துல அடிபட்டு வளர்ந்தவ நான். என்கிட்டயே பேரமா? தை மாசம் இந்த ஊரு திங்கிற சோறு அந்த ஒரு முழத்துல வருது."

"அடியில பார்க்கணும்னு நீங்க சொல்லலையே."

"அளக்கத்தான் கத்துக்கொடுத்தேன். அளந்து முடிச்சுட்டேன்னு எழுதச் சொல்லலை."

நாற்பது வருஷம் மற்றவர் கணக்கைச் சிவப்பு மையால் தப்பென்று அடித்தவர் அவர். அதைச் சொன்னார். இந்த வயதில் ஊர் சிரிக்குமே என்றும் சொன்னார்.

பனை வரிசைக்கு அப்பால் ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. அவர் கரையேறி வேட்டியைப் பிழியக் குனிந்தார்.

தேசம்மா திரும்பவும் தண்ணீரைத்தான் பார்த்தாள்.

"பிழிய வேணாம். எழுதினவன் எவனோ, அவன் இந்த ஈர வேட்டியோட அவங்க முன்னாடி போய் நிக்கணும். வலையில யாரும் கை வைக்கிறதுக்குள்ள அவன் வாயாலயே சொல்லித் திருத்தணும். இப்பவே."