விற்ற வீட்டில் ஒத்திக்காரி

நம் தாத்தாவுக்குத் தாத்தா பிறப்பதற்கும் முன்னால், மஞ்சனூர்ச் சீமையை விசயகண்டர் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டார் என்பதைவிட, ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதே சரி. காலையில் யானை வேண்டும் என்பார். மாலையில் அதை விற்றுத் தொலையுங்கள் என்பார். அந்த வாரம் அவருக்கு ஆற்றங்கரையில் ஒரு வீடு வேண்டுமென்று தோன்றிவிட்டது.

அதைக் கேட்டதும் பொன்னம்பலராயருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சபையில் அமைச்சர் கூத்தப்பெருமாளுக்கு அடுத்த ஆசனம் ராயருடையது. அந்த 'அடுத்த' பதினாறு வருஷமாக அவர் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ராஜாவை வளைத்துப் போட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? ஆற்றங்கரையில் அவருக்கு அருமையான வீடு இருந்தது. ஒரே ஒரு சின்னச் சங்கடம், அதில் வேறொருத்தி குடியிருந்தாள்.

அவள் உண்ணாமலை, செக்கு வைத்து எண்ணெய் ஆட்டிப் பிழைப்பவள். ஆயுள் முழுக்கச் சேர்த்த முந்நூறு பொன்னை ராயரிடம் கொடுத்து அந்த வீட்டை ஒத்திக்கு எடுத்திருந்தாள். அவள் வாடகை தர வேண்டாம், அவர் வட்டி தர வேண்டாம். முந்நூறும் கைக்கு வரும் நாளில் அவள் காலி செய்து கொடுப்பாள். அப்படி ஒரு நாள் வரும் என்று ராயர் மட்டும் நினைத்ததே இல்லை.

மகளின் வளைகாப்புக்காக அவள் வெளியூர் போன சமயம் பார்த்து, ராயர் ராஜாவை அழைத்துவந்து வீட்டைக் காட்டினார். நடுக்கூடத்தில் நின்ற செக்கின் மேல் பட்டு போர்த்தியிருந்தது.

"இது என்ன ராயரே?"

"எங்கள் முப்பாட்டனார் போரில் வென்று கொண்டுவந்த வெற்றித் தூண், மகாராஜா."

ராஜா அதற்கு மாலை போட்டு, கும்பிட்டு, வீட்டை ஆயிரம் பொன்னுக்கு வாங்கினார். "வில்லங்கம் ஏதும் உண்டா என்று ஒருமுறை விசாரித்துவிடலாமே" என்றார் கூத்தப்பெருமாள். "ராயர் வீட்டில் வில்லங்கமா? அவர் முகத்தைப் பாரும்!" என்றார் ராஜா. அமைச்சர் பார்த்தார்.

ராஜா குடிபோன மூன்றாம் நாள் விடியலில் வெற்றித் தூண் கிறீச்சிட்டது. எழுந்து வந்து பார்த்தால் பட்டுத் துணி கொடியில் கிடக்கிறது, இரண்டு மாடுகள் தூணைச் சுற்றி நடக்கின்றன.

"யாரம்மா நீ, என் வீட்டில்?"

"நீங்க யாருய்யா, என் வீட்டுல?" என்றாள், இருட்டோடு ஊர் திரும்பிக் கொல்லை வழியாக உள்ளே வந்திருந்த உண்ணாமலை. வாசலில் நின்ற காவலாளிகளைக் கண்டதும்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. ஒத்தி ஓலையை எடுத்து நீட்டினாள். "மகாராஜா, என் முந்நூறு பொன்னை வையுங்க, இப்பவே மாட்டை அவுத்துக்கிட்டுப் போறேன். அது இல்லாம வெளியே போன்னா, நான் எங்க போய் நிப்பேன்?"

சபை கூடியது. ராயர் பதிலைத் தயாராகவே வைத்திருந்தார்.

"மகாராஜா, வீட்டை விற்ற நிமிஷமே ஒத்தி செத்துப்போயிற்று. முந்நூறுக்கு அவள் என்னிடம் வந்து கேட்கட்டும், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். விற்றால் பழைய பாத்தியதை எதுவும் நிற்காது என்று சட்டமே போட்டுவிடுங்கள்!"

உண்ணாமலைக்கு ஆயுள் உழைப்பும் போச்சு, குடியிருக்க இடமும் போச்சு. கூத்தப்பெருமாள் எழுந்தார்.

"அருமையான யோசனை! இன்றைக்கே சீமை முழுக்கத் தண்டோரா போடச் சொல்லுங்கள். இந்த அம்மாள் காலி செய்ய மட்டும் மூன்று நாள் தவணை கொடுங்கள்."

ராஜா அப்படியே உத்தரவிட்டார். ராயரால் நம்பவே முடியவில்லை. கிழவருக்கு மூளை மழுங்கிவிட்டது, பாவம், என்று மனசார இரக்கப்பட்டுக்கொண்டே வீடு போனார்.

மூன்றாம் நாள் காலை அவர் வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். எல்லோரும் அவரிடம் வயலை ஒத்தி வைத்துப் பணம் வாங்கியவர்கள்.

"எசமான், உங்க ஆளுங்களை வயலை விட்டு இறங்கச் சொல்லுங்க. அதை என் மச்சானுக்கு வித்துட்டேன்."

"எவ்வளவுக்கு?"

"ஒரு கவுளி வெத்தலைக்கு."

"எவன்டா அந்த மச்சான்?"

"நான்தான் எசமான்" என்றான் பக்கத்தில் நின்றவன். "என் வயலை அவன் வாங்கிக்கிட்டான். அதே வெத்தலைதான்."

ராயர் தலைப்பாகைகூட இல்லாமல் சபைக்கு ஓடினார். அங்கே ராஜா அவருக்காகவே காத்திருந்தார்.

"வாரும்! பாறைக்கோட்டைச் சிற்றரசன் நம்மிடம் அடமானம் வைத்த கோட்டையை மைத்துனனுக்கு விற்றுவிட்டானாம். அடமானம் செத்துப்போயிற்றாம். உம் சட்டம்!"

"அக்கிரமம் மகாராஜா!" என்று அலறினார் ராயர். "எத்தனை கை மாறினாலும் அடமானம் மண்ணோடேயே போகும். வாங்குகிறவன் அந்தச் சுமையோடுதான் வாங்குகிறான். பணம் திரும்பும்வரை ஒத்திக்காரனை எவனும் இறக்க முடியாது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"எழுத்தரே, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளும்" என்றார் கூத்தப்பெருமாள். "பச்சைக் குழந்தைக்குத் தெரிந்தது மூன்று நாளைக்கு முன் உமக்கு எப்படி ராயரே தெரியாமல் போயிற்று?"

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நிமிஷமே சட்டம் ரத்தானது. மச்சான்மார்கள் மென்றது போக மிச்ச வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ராஜா தம் மோதிரத்தைக் கழற்றி அமைச்சர் விரலில் போட்டார். "இனி நான் ஊசி வாங்கினாலும் நீர் விசாரித்த பிறகுதான். ராயரே, நான் கொடுத்த ஆயிரத்திலிருந்து இந்த அம்மாளின் முந்நூறை இப்போதே வையும்."

"அது... பல்லக்காகிவிட்டது மகாராஜா. வேண்டுமானால் பல்லக்கையே இவளுக்குக் கொடுத்துவிடுகிறேன்."

உண்ணாமலை யோசித்தாள். "வாங்கிக்கலாம் எசமான். ஆனா அது மேல வேற யாருக்காச்சும் பாத்தியதை இருக்கா?"

சபையே ராயர் முகத்தைப் பார்த்தது.

"இருக்கிறது" என்றார் ராயர், தமக்கே கேட்காத குரலில்.

"யாருக்கு?"

"தூக்குகிறவர்களுக்கு. கூலி பாக்கிக்காக அவர்களிடம்தான் அடகில் இருக்கிறது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ராயர் முந்நூறையும் வைக்கும்வரை வீடு உண்ணாமலை கையில்தான் இருக்கும் என்று தீர்ப்பானது. அன்று மாலையே ராஜா தம் கட்டிலோடு அரண்மனைக்குத் திரும்பினார். கட்டிலின் ஒரு பக்கத்தை இரண்டு காவலாளிகள் தூக்கினார்கள். மறுபக்கத்தை, ராஜ உத்தரவுப்படி, ராயர் தூக்கினார்.

"முற்றத்துல எள்ளு காயுது, மிதிச்சுடாதீங்க எசமான்" என்றாள் உண்ணாமலை.

ராயர் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தார்.