பூசணிக்கு ஐந்து சிரட்டைத் தண்ணீர்

முயல் பயந்த பிராணி என்று நம்பாதவர் இல்லை. இது பெரும் பிழை. எத்தனை தலைமுறையாகப் பாடப்புத்தகங்களில் குடியிருந்தாலும் பிழை பிழைதான். முயல் பயப்படுவதில்லை. அவசரப்படுகிறது. தோட்டம் போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

இலந்தைக்காட்டுக் குளக்கரையில் செவந்தி என்ற முயல் பூசணி போட்டிருந்தது. கோடை முற்றிவிட்டது, காட்டில் பச்சைப் புல் இல்லை. செவந்திக்கு மூன்று குட்டிகள். அவை நாலடி தாவினால் களைத்துப் படுத்துவிடும். கொடி காய்த்தால் இங்கேயே பிழைக்கலாம். காய்ந்தால் குட்டிகளோடு இரண்டு காதம் நடந்து ஆற்றங்கரைக்குப் போகவேண்டும்.

குளமும் வற்றிக்கொண்டிருந்தது. குளத்துக் காவல் தவளை ஒரு தோட்டத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர்தான் கொடுக்கும். ஆறாவது கேட்டால் கண்ணை மூடிக்கொள்ளும்.

செவந்தியின் முள்வேலிக்கு வெளியே தினமும் ஒரு நரி வந்து நின்றது. உள்ளே நுழைய வழியில்லை. ஆனால் ஆற்றுப்பாதையில் வேலி கிடையாது. ஆகவே நரி யோசனை சொல்லத் தொடங்கியது.

“தங்கச்சி, இந்த உச்சி வெயில்ல உன் இலையெல்லாம் தொங்கிப்போச்சே. தாகம்! உடனே தண்ணி ஊத்து.”

“ஆமாண்ணே, நான் கவனிக்கலையே.”

“அப்புறம் அந்தச் சருகு. பூச்சி வந்துடும், பெருக்கித் தள்ளு. நாலு பேர் பாக்கிற தோட்டம், துடைச்சு வெச்ச மாதிரி இருக்க வேண்டாமா?”

செவந்தி தினமும் நண்பகலில் ஐந்து சிரட்டையையும் ஊற்றியது. சுடுமண்ணில் பாதி ஆவியாகப் போனது. இரண்டு வேளையும் பெருக்கி, சருகையெல்லாம் பக்கத்துத் தோட்டத்துப் பெருச்சாளி தொந்தியப்பன் பக்கம் தள்ளியது. ஒரே வாரத்தில் மண் வெடித்தது. பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. மிஞ்சியவை இரண்டு.

“மூட்டையைக் கட்டு தங்கச்சி,” என்றது நரி பரிவோடு. “வழித்துணைக்கு நான் வர்றேன்.”

செவந்தி அதே வேலிக்குள் இருந்த பக்கத்துத் தோட்டத்தை எட்டிப் பார்த்தது. தொந்தியப்பனின் பாகற்கொடி பந்தல் கொள்ளாமல் தழைத்திருந்தது! ஒரே தாவில் அங்கே போய் நின்றது.

“யோவ், நீ தவளையைச் சரிக்கட்டி ஆறாவது சிரட்டை வாங்குறியா?”

“ஆறாவதா? நான் வாங்குறதே ரெண்டு. அதுவும் பொழுது சாஞ்சப்புறம். வெயில்ல எவன் நடக்கிறது?”

“இந்தக் குப்பை?”

“நீ தள்ளினதுதாம்மா. பெருக்கச் சோம்பல், அப்படியே கிடக்கு.”

செவந்தி ஆத்திரத்தில் சருகை ஓர் உதை உதைத்தது. அடியில் மண் ஈரமாக இருந்தது. சில்லென்று இருந்தது! உள்ளே படுத்திருந்த மண்புழு தலையை நீட்டி, “யாரது, வெயில் அடிக்குதுல்ல? மூடுங்க,” என்றது.

செவந்தி நன்றி சொல்லவும் நிற்கவில்லை. தான் தள்ளிய சருகை வாய்வாயாக அள்ளித் திரும்பக் கொண்டுவந்து, பூசணியின் வேரடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பியது. அந்திக்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றியது.

மறுநாள் நண்பகல். இலைகள் மறுபடி தொங்கின.

“சாகுது தங்கச்சி! ஊத்து!” என்று பதறியது நரி.

செவந்தியின் கை சிரட்டையை நோக்கிப் பாய்ந்தது, பாதியில் நின்றது. அது சருகுக்குள் காலை விட்டுப் பார்த்தது. ஈரம் இருந்தது.

“சாகலைண்ணே. சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்,” என்றது.

பொழுது சாய்ந்தது. ஓர் இலை நிமிர்ந்தது. இன்னொன்று. பிறகு கொடி முழுக்கக் குடைவிரித்தாற்போல் எழுந்து நின்றது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே! குட்டிகள் மூன்றும் அதன் நிழலில் உருண்டு புரண்டன. மதிய வெயிலில் யார்தான் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்?

அன்று முதல் மூன்று சிரட்டையே போதுமாக இருந்தது. இரண்டு பிஞ்சும் பருத்து, குட்டிகள் ஏறி விளையாடும் அளவுக்குக் காயாயின.

ஆகவே, இலை வாடியதென்று யாராவது பதறினால், சிரட்டையை எடுக்கும் முன் வேரடி மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நரி முதல் மழை பெய்யும்வரை ஆற்றுப்பாதையில் காத்திருந்தது. அதற்கு ஜலதோஷம் பிடித்தது.